திருவள்ளூரில் பிறந்த ஜப்பான் காரும், அதை விற்கும்போது வரும் கணக்கும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்து, இப்போது நாற்பதைத் தொடும் ஒருவர் தன் பழைய மிட்சுபிஷி லேன்சர் காரை விற்கப் பார்க்கிறார். பத்து வருடமாக அதைப் பந்தயக் கார் போல மாற்றிக்கொண்டே வந்தவர். வேலை பாதியில் நிற்கிறது. காரோடு மூன்று அட்டைப் பெட்டி நிறையப் பொருத்தாத பாகங்களும் இருக்கின்றன. வாங்க வருகிறவர்கள் சொல்லும் விலை, அவர் போட்ட செலவில் கால்வாசிகூட இல்லை. "ஏன் சார் இப்படி?" என்று கேட்டார். உங்களில் இன்னும் சிலர் வீட்டு வாசலிலும் இப்படி ஒரு வண்டி தார்ப்பாய் போட்டு நிற்பது எனக்குத் தெரியும். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வரலாற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கார் என்றால் அம்பாசிடர், இல்லாவிட்டால் பியட். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு கார் செய்தது. அவ்வளவுதான். ஆனால் வேகத்தின் மேல் ஆசை அப்போதும் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் வருடா வருடம் கார், பைக் பந்தயம் நடக்கும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. கிடைத்த பியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைச் சீவிச் செதுக்கி ஓட்டினார்கள். வண்டியை மாற்றுகிற வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

ஜப்பான் இயந்திரம் நம் கைக்கு வந்தது 1980களில்தான். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி கொடுக்கப்பட்டது. அது சுசூகியின் வடிவமைப்பு. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசூகி பைக் வந்தது. அடுத்த வருடம் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தன. திருச்சியில் அந்தக் காலத்து இளைஞர்களுக்கு ஆர்எக்ஸ் 100 என்றால் என்ன மரியாதை என்று உங்கள் அப்பாக்களிடம் கேளுங்கள்.

இந்த இடத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். எஸ். கரிவரதன். பந்தய வீரர், அதோடு வண்டியைத் தானே வடிவமைக்கத் தெரிந்தவர். 1980களின் இறுதியில் அவர் மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும் வண்டியின் எஞ்சின் பந்தயக் களத்துக்குப் போனது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்தது. ஃபார்முலா மாருதியில் ஓட்டப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவையில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. அவர் மாற்றிக் கட்டிய கார் ஓடிய இடம் தடம், சாலை அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து 1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தது. 1993-ல் கார் தயாரிக்க அரசு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி நீங்கியது. ஐந்தே வருடத்தில் தமிழ்நாடு மாறிப்போனது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது. அதே 1998-ல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து மிட்சுபிஷி லேன்சர் வந்தது. அம்பாசிடர் செய்த அதே கம்பெனி, ஜப்பான்காரரோடு சேர்ந்து செய்த கார். பெட்ரோலில் 1.5 லிட்டர், டீசலில் 2 லிட்டர் எஞ்சின். அமைதியான குடும்பக் கார். டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கினார்கள்.

ஆனால் அந்த அமைதியான காருக்கு ஜப்பானில் ஒரு முரட்டு அண்ணன் இருந்தான். லேன்சர் எவல்யூஷன். உலக ரேலி பந்தயத்தில் ஒரு காரை இறக்க வேண்டுமானால், அதே வகைக் காரைக் குறைந்தது 2,500 எண்ணிக்கையில் பொதுமக்களுக்கும் செய்து விற்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விதிக்காகவே மிட்சுபிஷி 1992-ல் எவல்யூஷனைச் செய்தது. 2 லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் விசை. ஃபின்லாந்துக்காரர் டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை இந்தக் காரில் உலகப் பட்டம் வென்றார். ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்து, எந்தக் காரின் சக்தியையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரத்தில் காட்டாமல் இருந்த காலம் அது. 2004 வரை அந்த ஒப்பந்தம் நீடித்தது.

நம்முடைய திருவள்ளூர் லேன்சரும், எவல்யூஷன் 4, 5, 6 வரிசைகளும் ஒரே தலைமுறை. கூடு ஒன்று, உள்ளே இருக்கும் உயிர் வேறு. பம்பர், பானெட், பின் இறக்கை இவற்றை மாற்றிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எவல்யூஷன் போலத் தெரியும். ஆசை பிறந்தது இந்த ஒற்றுமையில்தான்.

சரி, அசல் எவல்யூஷனையே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு வழி இல்லை. வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அது மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், வரியோ காரின் விலையை விட அதிகம். சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுமா?

பக்கத்து நாடுகளைப் பாருங்கள். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடத்தில் முதல் அரசாங்கப் பரிசோதனை, அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. செலவு அதிகம் என்பதால் நல்ல நிலையில் இருக்கும் காரையே விற்றுவிடுவார்கள். அந்தக் கார்கள் கப்பலேறி இலங்கைக்குப் போயின. 1977-க்குப் பிறகு அங்கே இறக்குமதி திறந்துவிடப்பட்டதால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஜப்பான் கார்தான் சாதாரணக் கார்.

மலேசியா கதை இன்னும் சுவாரசியம். அங்கே 1993-ல் வந்த புரோட்டான் வீரா, லேன்சரை அடிப்படையாக வைத்துச் செய்த கார். ஜப்பானில் கழித்துவிட்ட எவல்யூஷனின் முன்பாதியை அப்படியே வெட்டி இறக்குமதி செய்து விற்கிறார்கள். 'ஆஃப் கட்' என்று பெயர். அந்த எஞ்சினை வீராவில் ஏற்றி, அரசின் பரிசோதனை நிலையத்தில் காட்டி, பதிவுப் புத்தகத்திலும் ஏற்றிக்கொள்ள அங்கே சட்டத்தில் வழி இருக்கிறது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இருக்கும் நம் உறவினர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அவர்கள் அனுப்பும் வீடியோவைப் பார்த்துவிட்டு நம் பையன்கள் இங்கே ஆரம்பிக்கிறார்கள். ஆசையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எளிதாகக் கொண்டுவரலாம். சட்டத்தை அப்படிக் கொண்டுவர முடியாது.

கைத்திறன் இல்லாமல் நம் பையன்கள் தோற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியின் வரலாறே இரும்பு வரலாறுதான். ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை. இன்னொரு பக்கம் 1960களில் வந்த பெல் தொழிற்சாலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும். இவற்றை நம்பித் துவாக்குடி வரை எத்தனை லேத் பட்டறை, எத்தனை வெல்டிங் பட்டறை! அப்பா பிட்டர், சித்தப்பா டர்னர், மாமா வெல்டர் என்று இருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு எஞ்சினைப் பிரித்து மாட்டுவது பெரிய விஷயமே இல்லை. சைலன்சர் குழாயை வளைப்பான், தாங்கியைத் தானே கடைந்துகொள்வான். அவனைத் தடுப்பது கை அல்ல, காகிதம்.

அந்தக் காகிதத்தின் கதை இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 52-வது பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. முதலில் அது பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மாற்றலாம் என்ற போக்கில் இருந்தது. 2000-ல் வந்த திருத்தம் அதை இறுக்கியது. தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் வித்தியாசம் வரும்படி மாற்றக் கூடாது என்றது. லேன்சர் வந்து இரண்டே வருடத்தில் இந்தத் திருத்தம். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த இன்னொரு திருத்தத்தில் தண்டனையும் வந்துவிட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இப்போது விலைக் கணக்குக்கு வருவோம். மாற்றிய காரை விற்கிறவர் உண்மையில் மூன்று பொருளை விற்கிறார். ஒன்று, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் கார். இரண்டு, அதில் பொருத்திய, பொருத்தாத பாகங்கள். மூன்று, முடிந்தால் எப்படி இருக்கும் என்று அவர் மனத்தில் இருக்கும் கார்.

வாங்குகிறவர் முதல் பொருளுக்கு முழு விலை கொடுப்பார். இரண்டாவதற்குத் தனக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கி விலை சொல்வார். மூன்றாவதற்கு ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டார். அதை அவர் பார்க்கவே இல்லையே!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பாதி கட்டிய கார் அந்த வகை யானை இல்லை. ஓடும் கார் ஒரு விலை, ஓடாத கார் இன்னொரு விலை. மாற்றியதால் பதிவைப் புதுப்பிக்க முடியாத காருக்கு எடை விலைதான். சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்கு. அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆனது. புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எவல்யூஷன் பம்பரோடும், காதைப் பிளக்கும் சைலன்சரோடும் போய் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். வாங்குகிறவர் இதையெல்லாம் யோசித்துத்தான் விலையைக் குறைக்கிறார். அவர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை.

இன்சூரன்ஸும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கார் நான்கு வருடம் தாண்டி ஐந்தாவது வருடத்தில் ஓடும்போது, விலையில் 50 சதவீதம் கழித்துத்தான் மதிப்புப் போடுவார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி ஒப்புக்கொள்வதுதான் மதிப்பு. வெளியில் வாங்கிப் பொருத்திய பொருளைத் தனியாகச் சொல்லி, அதற்கும் சேர்த்துக் கட்டாவிட்டால் அது கணக்கிலேயே வராது. எஞ்சினையே மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்தால், விபத்து நேரத்தில் பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

"அமெரிக்காவில் ஒரு பழைய டொயோட்டா சூப்ரா கோடிக்கணக்கில் போனதே சார்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2021-ல் ஏலத்தில் 5,50,000 டாலருக்குப் போனது. ஆனால் அது 2001-ல் வந்த பிரபலமான சினிமாவில் நடிகர் பால் வாக்கர் ஓட்டிய கார். அதற்கான ஆதாரக் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அங்கேயும் விலை போனது காகிதமும் கதையும்தான். நம் வாசலில் நிற்கும் காருக்கு அந்தக் கதை கிடையாது. காகிதமாவது சரியாக இருக்க வேண்டும்.

எனவே விற்க நினைப்பவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கழற்றி வைத்த பழைய அசல் பாகங்களைத் தேடி எடுங்கள். பரணில், மாடிப்படிக்குக் கீழே, பட்டறையில் எங்கே இருந்தாலும் சரி. அவற்றைத் திரும்ப மாட்டி, காரை ஆர்.சி.யில் இருப்பது போல் ஆக்குங்கள். இன்று திருவள்ளூர் தொழிற்சாலையில் பிரான்சு நாட்டு சிட்ரோயன் கார்தான் செய்கிறார்கள். லேன்சரின் புதுப் பாகம் கடையில் கேட்டவுடன் கிடைக்காது. அதனால் நீங்கள் வேண்டாம் என்று கழற்றிப் போட்ட அந்தச் சாதாரண முகப்பு விளக்குக்கும் பம்பருக்கும்தான் இன்று மதிப்பு. மினுமினுக்கும் புதுச் சாமானை விட, இன்னும் லேன்சர் ஓட்டுகிறவர்களுக்கு அது அவசியம்.

அடுத்து, பொருத்தாத பாகங்களைக் காரோடு சேர்த்து விலை பேசாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் படம் எடுத்து, எந்த மாடலுக்குப் பொருந்தும், புதியதா பழையதா, என்ன குறை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பில் இருந்தால் கூடவே வையுங்கள். பில் இல்லாத சாமானுக்கு விலையும் இல்லை, நிம்மதியும் இல்லை. நாளைக்கு அது திருட்டு வண்டியில் கழற்றியது என்று தெரிந்தால் போலீஸ் முதலில் விற்றவரைத்தான் தேடும். தனி எஞ்சின் இருந்தால் அதன் எண்ணைக் குறித்து, வாங்குகிறவரின் அடையாளச் சான்று நகலோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விலை போகாத மிச்சத்தைக் காயலான் கடைக்குப் போடுங்கள். அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம்.

பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாத அளவு மாற்றிவிட்டீர்களா? அப்படியானால் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவருக்கு விற்கலாம். ஆனால் பதிவை ரத்து செய்துவிட்டு, இது சாலைக்கு அல்ல என்று எழுதிக் கொடுத்து விற்க வேண்டும். அந்தக் கார் வேறொரு வண்டியில் ஏறித்தான் தடத்துக்குப் போக வேண்டும். கரிவரதன் கார் ஓடிய இடத்தை நான் மேலே குறிப்பிட்டது இதற்காகத்தான்.

கடைசியாகச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பணம் வாங்கியதும் சாவியைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை "அவரே பார்த்துக்குவார்" என்று விடாதீர்கள். சட்டத்தின் பார்வையில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2007-ல் விற்கப்பட்டு, அதன் பிறகு பல கை மாறிய கார் 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் பெயரே இருந்ததால், நட்டஈட்டுப் பொறுப்பு அவருக்குத்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்று இரண்டு வருடம் ஆன காருக்கு இந்தக் கதி.

யோசித்துப் பாருங்கள். வேகத்துக்காக மாற்றிய ஒரு காரை, வேகத்தை விரும்பும் ஓர் இளைஞன் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் போகிறான். ஆர்.சி.யில் உங்கள் பெயர். இன்சூரன்ஸில் மாற்றம் எதையும் சொல்லவில்லை. ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கும் ஈடு செய்ய முடியாத இழப்பு. உங்கள் வீடும் நிலமும் கோர்ட்டுக்குப் போகும்.

ஆகவே படிவம் 29-ம் 30-ம் இருவரும் கையெழுத்துப் போட்டு முடிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகிறதென்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்குங்கள். பைனான்ஸ் பாக்கி தீர்ந்திருந்தால் படிவம் 35 கொடுத்து அந்தக் குறிப்பை ஆர்.சி.யிலிருந்து நீக்குங்கள். இன்சூரன்ஸை வாங்கியவர் தன் பெயருக்கு மாற்ற 14 நாள் கெடு. புரோக்கர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது.

இந்த வண்டிகளில் போட்ட காசெல்லாம் வீணா என்று சில அம்மாக்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு டர்போ எப்படிக் காற்றை அழுத்துகிறது என்று கையால் தொட்டுக் கற்றுக்கொண்டவனின் படிப்பு அது. அதற்குக் கட்டணம் கட்டியாயிற்று. அந்தப் படிப்பு அவனிடமே இருக்கும், காரோடு போகாது. ஆனால் படிப்புச் செலவைக் காரின் விலையில் சேர்த்து வாங்குகிறவரிடம் கேட்பது நியாயமில்லை. பள்ளிக்கூடத்துக் கட்டணத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பது போல ஆகிவிடும்!

உங்களில் யாராவது இப்போதுதான் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன கழற்றினேன், எங்கே வைத்தேன், என்ன வாங்கினேன், பில் எங்கே, இது ஆர்.சி.யோடு ஒத்துப்போகுமா என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அந்தப் பாகத்தை வாங்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள்.

விற்கிறவர்களே, வண்டி வாசலை விட்டுப் போனதும் விற்றாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். புதிய பெயர் ஏறிய ஆர்.சி.யின் நகல் உங்கள் கைக்கு வந்த அன்றுதான் கார் விற்றதாகக் கணக்கு.

இதே சிக்கலில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
காட்டூர், திருச்சி.